பிள்ளைக்குக் கரப்பானா? வன்னியில் இருந்துகொண்டு எக்சிமாவைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் சின்னவளுக்கு ஏழாம் மாதத்தில் இரண்டு கன்னத்திலும் சொரசொரப்பாகத் தொடங்கியது. மூன்று வயதாகும்போது முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் தடித்துக் கறுத்துவிட்டன. விடிய எழும்பிப் பார்த்தால் தலையணை உறையில் இரத்தப் பொட்டு, பாயில் உதிர்ந்த தோல். அந்தப் பாயை நான் முற்றத்தில் உதறும் சத்தம் கேட்டாலே அவள் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். சொறிந்ததற்கு ஏச்சு விழும் என்ற பயம்.

அந்த இரண்டரை வருடத்தில் நாங்கள் விட்டதெல்லாம் சின்னச் சின்னப் பிழைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் மாதக்கணக்கைத் தின்றது. விசுவமடுப் பக்கம் இருந்துகொண்டு கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். எதைக் கொண்டுபோவது, எதைக் கேட்பது, காசு எங்கே வீணாகக் கரையும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. முதலில், இது எக்சிமாதானா?

ஊரில் கரப்பான், கிரந்தி என்று சொன்னால் அதற்குள் பத்து வருத்தம் அடங்கிவிடும். ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும் என்பதால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

கடி (அரிப்பு) இல்லாவிட்டால் அது எக்சிமா இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் வரும். நடந்து திரியத் தொடங்கியபின் முழங்கை, முழங்கால் மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு என்று இடம் மாறும். தோல் எப்போதும் வறண்டிருக்கும். குறைந்ததுபோல இருக்கும், பிறகு திரும்பக் கிளம்பும். குடும்பத்தில் யாருக்காவது முட்டோ (ஆஸ்துமா), விடியற்காலைத் தும்மலோ இருப்பதும் வழக்கம். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இதைப் பக்கத்து வீட்டுக்கும் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

படங்களில் எக்சிமா சிவப்பாக இருக்கும். எங்கள் நிறத்தில் அப்படித் தெரியாது. சாம்பலாக, கடும் கபிலமாக, சில வேளை ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், சுவரில் உரசியதுபோல இருக்கும்.

இதோடு குழம்பக்கூடியவை சில:

சொறி சிரங்கு என்றால் விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் என்று வரும். இரவில் கடி தாங்காது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தொடங்கும். அதற்கு வேறு மருந்து. வீட்டில் உள்ள எல்லோரும், கடி இல்லாதவர்களும், ஒரே நாளில் பூசவேண்டும். பாயும் உடுப்பும் அன்றைக்கே தோய்க்கவேண்டும். ஒருவர் தப்பினாலும் அடுத்த மாதம் திரும்பவும் முதலிலிருந்துதான்.

படர்தாமரை வட்டமாக, விளிம்பு தடித்து, நடு தெளிந்து இருக்கும். அதற்கு எக்சிமாக் கிறீமைப் பூசினால் இரண்டு நாள் கடி அடங்கும், அதன்பின் வட்டம் உடைந்து உடம்பெல்லாம் பரவும். பிறகு டொக்டருக்கே அடையாளம் பிடிக்கக் கஷ்டமாகிவிடும்.

கடியும் நோவும் இல்லாமல் ஒரு பரு மாதக்கணக்கில் ஆறாது நின்று நடுவில் புண்ணானால் லீஷ்மேனியாசிஸ் என்று சந்தேகிக்கவேண்டும். மணல் ஈ கடித்துப் பரப்புவது. காட்டோரம் வேலை செய்பவர்கள் இதைச் சும்மா பரு என்று விடவேண்டாம். தோல் வெளிறி, தொட்டால் உணர்ச்சி குறைந்த படை என்றால் அது தொழுநோயா என்று பார்க்கவேண்டும். அதற்கு அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுதாக மாறும்.

பெரியவர்களுக்குத் திடீரென்று முகம், கண்ணிமை, கழுத்து, முன்கை என்று வெயில்படும் இடங்களில் மட்டும் கிளம்பினால், வயல் வரம்பிலும் வெறும் காணியிலும் நிற்கிற பார்த்தீனியத்தை நினையுங்கள். அதை வெறுங்கையால் பிடுங்கிவிட்டு முகத்தைத் துடைப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். மேசன் வேலை செய்பவர்களுக்குச் சீமெந்தும் இப்படித்தான் கையை வெடிக்கவைக்கும்.

2. ஒரு கொப்பி, ஒரு பை

இதை நான் ஆஸ்பத்திரிக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் “இதுவரை என்ன பூசினீங்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். நான் “ஒரு வெள்ளை ரியூப், பச்சை எழுத்து” என்று சொன்னேன். அது மருந்தின் பெயர் இல்லை. அவர்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் முதல் வருடம் அப்படித்தான் போனது.

ஆகவே ஒரு பையில் இவற்றை எப்போதும் வைத்திருங்கள்:

– குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) தந்த பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. நிறை, ஊசி எல்லாம் அதில் இருக்கும்.
– உங்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் போட்டோக்கொப்பி.
– பழைய மருந்துத் துண்டுகள், கிளினிக் கொப்பி, ஏதாவது இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு.
– பூசிய எல்லா ரியூப்பும் போத்தலும், முடிந்துபோன வெறும் ரியூப் உட்பட. நாட்டு மருந்து என்றால் அதன் போத்தலும்.
– கழுவிக் காயவைத்த, மூடி இறுக்கமான இரண்டு சின்னப் போத்தல்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பூசுமருந்தைப் பெரிய டப்பாவிலிருந்து அள்ளித் தருவதுண்டு. போத்தல் இல்லாமல் போய்க் கடைத் தெருவில் நான் ஜாம் போத்தல் தேடியிருக்கிறேன்.

கொப்பி 40 பக்கம் போதும். திகதி, எங்கே கிளம்பியது, என்ன பூசினது, இரவு எத்தனை தரம் எழும்பினாள் என்று ஒரு வரி. கையில் தொலைபேசி இருந்தால், மோசமான நாளில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாள் பார்த்துத் தோல் நல்ல பிள்ளையாக இருக்கும். எங்களுக்கு மூன்று தரம் அப்படி நடந்தது.

3. எங்கே போவது, எந்த நாள், எத்தனை மணிக்கு

முதல் படி உங்கள் ஊருக்குப் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு, அதாவது ஓபிடி. லேசான எக்சிமா என்றால் அங்கேயே முடிந்துவிடும். தேவையென்றால் தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். தராவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். “நாலு கிழமை பூசியும் குறையவில்லை, இரவில் நித்திரை இல்லை” என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வன்னியில் பெரிய ஆஸ்பத்திரிகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா, மன்னார். மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அதற்கு மேலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. தோல் நிபுணர்கள் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள், கிளினிக் நாளும் அதோடு மாறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் சொன்ன நாளை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். அப்படியே கலண்டரையும் பாருங்கள். எங்கள் முதல் பயணம் போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில். கேற்றடியில் நின்ற காவலாளி சிரிக்காமல் சொன்னார், “இன்றைக்குக் கிளினிக் இல்லையம்மா” என்று.

தோல் கிளினிக் தூரம் என்றால் பிள்ளைகள் கிளினிக்கையும் மறக்கவேண்டாம். எக்சிமா அவர்களுக்குப் பழக்கப்பட்ட வருத்தம். முட்டு இருக்கிற பிள்ளைக்கு அதுவே வசதி, இரண்டையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள்.

நேரம்: முதல் பஸ்ஸில் போய் முன்னுக்கு ஒரு நம்பர் எடுப்பது நல்லது. முதல் தடவைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். டொக்டரைப் பார்ப்பது ஐந்து நிமிடம், மருந்தகத்தில் நிற்பது அதைவிட நீளம். தண்ணீர், பிள்ளைக்குச் சாப்பாடு, ஒரு மெல்லிய துவாய் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் வேர்த்தால் பிள்ளை சொறியத் தொடங்கும். விதைப்புக் காலத்திலும் அரிவுவெட்டுக் காலத்திலும் யார் பிள்ளையைக் கூட்டிப்போவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவையுங்கள். அந்த இரண்டு மாதங்களில் தவறவிட்ட திகதிகளால்தான் எங்கள் மருந்து இடையில் நின்றது.

செலவு: அரச ஆஸ்பத்திரியில் டொக்டருக்கோ மருந்துக்கோ காசு இல்லை. உங்கள் செலவு பஸ், ஓட்டோ, சாப்பாடு, அன்றைய கூலி. மருந்தகத்தில் இல்லாத மருந்துக்கு வெளியே வாங்கத் துண்டு தருவார்கள். அப்போது “இதே மருந்தில் விலை குறைந்த கம்பனி இருக்கிறதா?” என்று பாமசியில் கேளுங்கள். பக்கத்தில் அரசாங்கத்தின் ஒசுசல மருந்துக்கடை இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். தனியாரில் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டி நிபுணரைப் பார்த்தால், டொக்டரின் கட்டணமும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் தனித்தனி. நான் போன நாளில் இரண்டும் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டியது, மருந்து வேறு. ஒருமுறை சனல் பண்ணி வருத்தம் என்னவென்று உறுதிப்படுத்திவிட்டு, அந்தத் துண்டோடு அரச கிளினிக்கில் தொடர்வது பலர் செய்கிற வழி. அதில் தவறொன்றும் இல்லை.

4. டொக்டருக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடம்

கிளினிக் நாளன்று காலையில் மஞ்சளோ பவுடரோ பூசாதீர்கள். அது தோலை மறைத்துவிடும்.

கேட்கவேண்டியவற்றைக் கொப்பியில் முதல் நாள் இரவே எழுதிவையுங்கள். முகத்துக்கு எது, உடம்புக்கு எது? ஒரு நாளைக்கு எத்தனை தரம், எத்தனை நாள்? நல்லாய் வந்தபின் எப்படிக் குறைப்பது? திரும்பக் கிளம்பினால் நான் வீட்டிலேயே தொடங்கலாமா, வரவேண்டுமா? கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறியதால் ஒவ்வொரு தடவையும் அடுத்த கிளினிக் வரைக்கும் பிள்ளை சொறிந்துகொண்டே இருந்தாள்.

டொக்டர் சிங்களத்தில் பேசுபவர் என்றால் தலையாட்டிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் தாதியிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மருந்துப் போத்தலில் “முகம்”, “உடம்பு” என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஏனென்றால் வீட்டில் பூசப்போவது நீங்கள் மட்டும் இல்லை, அம்மம்மாவும்தான்.

5. பசை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

எக்சிமாத் தோல் ஓட்டை விழுந்த கிடுகுக் கூரை மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கிற தூசி, சவர்க்காரம், கிருமி உள்ளே போகும். பலருக்கு இது பிறப்பிலேயே வருகிற பலவீனம். மருந்துக் கிறீம் (பெரும்பாலும் ஸ்டீரோயிட்) எரிகிற நெருப்பை அணைக்கும். கூரையை வேய்வது தோலுக்குப் பூசுகிற பசைதான், அதாவது மருந்து கலக்காமல் தோலின் ஈரத்தைக் காக்கிற கிறீம் அல்லது ஒயின்ட்மென்ட். அதை எரியாத நாளிலும் பூசவேண்டும். நாங்கள் தோல் நன்றாக வந்ததும் நிறுத்தினோம். இரண்டு கிழமையில் திரும்பக் கிளம்பியது. திரும்பவும் பூசினோம், நிறுத்தினோம். இப்படியே ஒன்றரை வருடம்.

எவ்வளவு பூசுவது? தோல் மோசமாக இருக்கிற பிள்ளைக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் வரை என்பது மருத்துவ வழிகாட்டல்களில் உள்ள கணக்கு. நான் 50 கிராம் டப்பா ஒன்றை இரண்டு மாதம் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். பூசினபின் தோல் மினுங்கவேண்டும். குறைந்தது நாளுக்கு இரண்டு தரம், குளித்து முடித்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தரம் கட்டாயம். துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். தோல் ஈரமாக இருக்கும்போதே மயிர் வளர்கிற பக்கமாக மேலிருந்து கீழே இழுத்துப் பூசுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மயிர்க்கால்களில் அடைத்துப் பரு வரும்.

எது நல்லது? பிரித்தானியாவில் 550 பிள்ளைகளுக்கு லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் நான்கையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022 இல் வெளிவந்தது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வெக்கைக்கு இது நல்ல செய்தி. வெள்ளைப் பரஃபின் ஒயின்ட்மென்ட் மலிவு, பாமசியில் பெரிய டப்பாவாகக் கேட்டால் இன்னும் மலிவு. ஆனால் சித்திரை வெயிலில் பூசினால் பிள்ளை பிசுபிசுப்பில் அழும். நாங்கள் பகலில் கிறீமும் இரவில் ஒயின்ட்மென்ட்டும் என்று பிரித்துக்கொண்டோம். பிள்ளை பூசவிடுகிற ஒன்றே நல்லது. வாசனை போட்டதை மட்டும் வாங்காதீர்கள், “பேபி” என்று எழுதியிருந்தாலும்.

தேங்காய் எண்ணெய்? வாசனை கலக்காத சுத்தமான எண்ணெய் என்றால், புண் இல்லாத தோலில் பல பிள்ளைகளுக்கு ஒத்துவரும். எங்கள் வீட்டில் பசை முடிந்த நாட்களில் அதுதான். கடுகெண்ணெயும் ஒலிவெண்ணெயும் வேண்டாம். ஒலிவெண்ணெய் தோலின் மேற்படையை இன்னும் பலவீனமாக்குகிறது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பினாலும் அதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். கழுவிக் காய்ந்த கரண்டியால் எடுங்கள், கிருமி சேராது.

ஒரு பெரிய எச்சரிக்கை: பரஃபின் உடுப்பிலும் பாயிலும் ஊறினால், அந்தத் துணியில் நெருப்புப் பட்டதும் சட்டென்று பற்றிப் பரவும். தோய்த்தாலும் முழுதாகப் போகாது. விறகடுப்படி, குப்பி விளக்கு, நுளம்புச் சுருள், பொங்கல் அடுப்பு, கார்த்திகை விளக்கு என்று எங்கள் வீடுகளில் நெருப்பு எப்போதும் தரை மட்டத்தில்தான் இருக்கிறது. பூசின பிள்ளையை அதிலிருந்து தள்ளியே வையுங்கள். சுருளுக்குப் பதில் நுளம்பு வலை கட்டுங்கள், புகையும் மிச்சம்.

6. ஸ்டீரோயிட் கிறீம்: பயமும் வேண்டாம், பாசமும் வேண்டாம்

எங்கள் ஊரில் இரண்டு வகை ஆட்கள். ஸ்டீரோயிட் என்றதும் ரியூப்பை எறிபவர்கள் ஒரு வகை. ஒரு ரியூப்பை வீடு முழுக்க எல்லாக் கடிக்கும் பூசுபவர்கள் மற்ற வகை. நாங்கள் ஒரே வருடத்தில் இரண்டுமாக இருந்தோம்.

நகரத்துப் பாமசி ஒன்றில் துண்டு கேட்காமலே ஒரு ரியூப் தந்தார்கள். பூசிய மூன்றாம் நாள் தோல் பட்டுப்போல. அப்பம்மா அந்தக் கடைக்காரருக்குக் கோயிலில் அர்ச்சனையே செய்திருப்பார். ஆறாவது மாதம் கன்னத்துத் தோல் மெலிந்து நரம்பு தெரியத் தொடங்கியது. கடும் ஸ்டீரோயிட்டோடு பங்கசு மருந்தும் அன்டிபயட்டிக்கும் சேர்த்து அடைத்த கலவை அது என்று பிறகுதான் கிளினிக்கில் ரியூப்பைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்கள். அப்படியான கலவைகளை டொக்டர் சொல்லாமல் வாங்கவே வேண்டாம்.

ரியூப்பில் பெயரை வாசிக்கப் பழகுங்கள். ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம் என்றால் மெல்லியது, முகத்துக்குப் பெரும்பாலும் அதைத்தான் தருவார்கள். பீட்டாமெத்தசோன் வலரேட் 0.1 வீதம் கடுமையானது. குளோபெட்டசோல் எல்லாவற்றிலும் கடுமையானது. பிள்ளையின் முகம், அக்குள், அரைப்பக்கம் ஆகிய இடங்களில் கடுமையானது எதையும் நீங்களாகத் தொடவேண்டாம்.

அளவு விரலில் இருக்கிறது. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ரியூப்பிலிருந்து பிதுக்கினால் அரைக் கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். 15 கிராம் ரியூப்பில் இப்படி 30 விரல் இருக்கிறது. இதைக் கணக்குப் பார்த்தால் நீங்கள் கூடப் பூசுகிறீர்களா, குறையப் பூசுகிறீர்களா என்று தெரிந்துவிடும். நான் பயத்தில் பயறளவு எடுத்து முழுக் கைக்கும் தடவினேன். அதனால் நெருப்பு அணையவும் இல்லை, நாள் நீண்டதுதான் மிச்சம்.

கிளம்பிய இடத்தில் மட்டும், டொக்டர் சொன்ன நாள்வரை, தடவும்போது மற்றத் தோல்போல வழுவழுப்பாகும்வரை பூசுங்கள். நிறம் திரும்பும்வரை இல்லை. எக்சிமா ஆறிய இடம் வெளிறியோ கறுத்தோ மாதக்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்து “மருந்து தோலைச் சுட்டுவிட்டது” என்று நிறுத்துபவர்களும், “இன்னும் போகவில்லை” என்று தொடர்ந்து பூசுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிழை. நிறம் தானாக வரும்.

பசைக்கும் ஸ்டீரோயிட்டுக்கும் இடையில் கால் மணி முதல் அரை மணி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மருந்து பசையில் கரைந்து வேண்டாத இடத்துக்கும் ஓடும். அடிக்கடி கிளம்பும் பிள்ளைகளுக்கு, தோல் நன்றாக இருக்கும்போதும் கிழமைக்கு இரண்டு நாள் பழைய இடங்களில் பூசச் சொல்வார்கள். எங்களுக்கு அலைச்சலைக் குறைத்தது அந்த முறைதான். டொக்டரிடம் பொருந்துமா என்று கேளுங்கள்.

ஊசி போட்டால் ஒரேயடியாக மாறும் என்பவர்களை நம்பாதீர்கள். ஸ்டீரோயிட் ஊசியும் குளிசையும் அடக்கிவிட்டு, நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகக் கிளம்பலாம். இரவுக்குத் தருகிற பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை பிள்ளையைத் தூங்கவைக்கும், எக்சிமாவை மாற்றாது.

7. கிணற்றடி, உடுப்பு, காற்று

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள். சவர்க்காரம் நுரைக்காது, ஆகவே இன்னும் தேய்ப்போம், அது தோலில் தங்கும். தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். பிரித்தானியாவில் 336 பிள்ளைகளின் வீடுகளில் பொருத்திப் பார்த்த ஆய்வில் (2011) எக்சிமாவுக்குப் பலன் தெரியவில்லை. குளிக்கிற தண்ணீரில் கலக்கும் விலைகூடிய எண்ணெயும் 2018 ஆய்வில் அப்படியே. அந்தக் காசுக்குப் பசை வாங்குங்கள்.

சவர்க்காரத்தைக் குறையுங்கள். அழுக்கான இடத்துக்கு மட்டும். மற்ற இடத்துக்கு எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட்டைக் கொஞ்சம் வெந்நீரில் கலக்கித் தடவிக் கழுவலாம். பயற்றமா, கடலைமா தேய்ப்பு, கிருமிநாசினி ஊற்றிய வாளி எல்லாம் வேண்டாம். வேப்பிலைத் தண்ணீரை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் அம்மம்மா வளர்த்த முறை. ஆனால் வெடித்த தோலில் எரியும், அவித்தது சூடாக இருந்தால் இன்னும் மோசம். ஐந்து முதல் பத்து நிமிடக் குளிப்பு போதும். மத்தியானத்தில் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரைக் கையை வைத்துப் பார்க்காமல் பிள்ளைக்கு வார்க்காதீர்கள்.

உடுப்பு பருத்தியாக, தளர்வாக. புதிய உடுப்பை ஒருமுறை தோய்த்துவிட்டுப் போடுங்கள். நகத்தை ஒவ்வொரு ஞாயிறும் வெட்டுங்கள், இது மருந்துக்குச் சமம்.

கச்சான் காற்றுக் காலத்தில் தோல் வறண்டு செம்மண் தூசியும் ஏறும், அப்போது பசையைக் கூட்டுங்கள். மாரி தொடங்கினால் உடுப்புக் காயாது. ஈரம் ஊறிய உடுப்போடு பள்ளிக்கூடம் போன கிழமைகளில்தான் எங்களுக்குப் புண் சீழ் வைத்தது. ஐப்பசிக்கு முன்னரே கிளினிக் திகதி ஒன்றை எடுத்து மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் பஸ் ஓடாது.

8. கிரந்திச் சாப்பாடு

கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், முட்டை, அன்னாசி என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒவ்வொன்றை நிறுத்தினார்கள். கடைசியில் பிள்ளைக்குச் சோறும் பருப்பும்தான் மிச்சம். எக்சிமா குறையவில்லை, நிறை குறைந்தது. மிட்வைஃப் பதிவேட்டில் கோடு கீழே போவதைக் காட்டி என்னை ஏசினார், பிறகு திரிபோஷாச் சத்துமாவும் தந்தார்.

ஒரு சாப்பாடு தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், சத்தி என்று வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதை நிறுத்தி, கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமல் சந்தேகத்தில் முட்டையையும் மீனையும் பாலையும் வெட்டாதீர்கள். தடுப்பூசிகளையும் எக்சிமாவுக்காகத் தள்ளிப்போடவேண்டாம்.

9. கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாத நேரம்

தோலில் தேன் நிறப் பொருக்கு, நீர் வடிதல், சீழ், சூடு என்றால் கிருமி புகுந்துவிட்டது. அடுத்த நாளே ஓபிடிக்குப் போங்கள்.

திடீரென்று ஒரே அளவான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தி எடுத்ததுபோல் குழிப்புண்ணாகி, நோவும் காய்ச்சலும் இருந்தால் இரவானாலும் போகவேண்டும். சாதாரணமாக உதட்டில் கொப்புளம் போடும் வைரஸ் எக்சிமாத் தோலில் பரவினால் இப்படி வரும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் அவசரம். உதட்டில் கொப்புளம் உள்ள யாரையும் பிள்ளையைக் கொஞ்சவிடாதீர்கள். முகம் வீங்கி மூச்சு முட்டினால் 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

10. பள்ளிக்கூடம்

ரீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: தொற்றாது, வெயிலில் அசெம்பிளிக்கு நீளமாக நிற்கவைத்தால் வேர்த்துக் கடிக்கும், மின்விசிறிக்குப் பக்கத்தில் இருத்தினால் உதவி. கிளினிக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தால் அடுத்த வருட ரீச்சருக்கும் உதவும்.

பையில் ஒரு சின்னப் போத்தலில் பசை போட்டுவிடுங்கள். அதில் பெயரையும் “தோலுக்கு” என்பதையும் பெரிதாக எழுதுங்கள். எங்களுடையவளின் முதல் போத்தலை வகுப்பில் நாலு பேர் தலைக்கு வைத்து வாரி முடித்துவிட்டார்கள்.